பிடிவாதம் என்பதற்கு முன் அவர் சாப்பிட்ட இலையைப் பாருங்கள்

நீடாமங்கலம், கொரடாச்சேரி, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில் பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டுக்கே போய் இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறேன். முதலில் குடும்பத்தார் கையையும் காலையும் பற்றித்தான் கேட்பார்கள். கொஞ்ச நாள் போனதும் வீட்டு அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "கால் சரியாகிவிடும் டாக்டரம்மா, இவர் குணம்தான் மாறிவிட்டது. வேண்டுமென்றே செய்கிறார்" என்பார்.

அந்த "வேண்டுமென்றே" எத்தனையோ வீடுகளில் நிம்மதியைக் கெடுக்கிறது. குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூளையின் வெவ்வேறு இடங்கள் சேர்ந்து செய்யும் வேலை. ரத்தம் போகாமல் எந்த இடம் பட்டுப்போனதோ, அதற்கேற்ப நடத்தை மாறும். கோபித்துக்கொள்வதற்கு முன் எது போயிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

இடக்கையும் இடக்காலும் விழுந்திருந்தால் அடிபட்டது மூளையின் வலப்பாதியில். அவருக்கு வாழை இலை போட்டுப் பரிமாறுங்கள். எழுந்த பின் இலையைப் பாருங்கள். வலப்பக்கத்துக் கறியும் கூட்டும் காலியாகியிருக்கும். இடப்பக்க நுனியில் வைத்த உப்பும் ஊறுகாயும் வைத்தபடி கிடக்கும். சோற்றிலும் இடப்பாதி மிச்சம். போதாததற்கு, உப்பே வைக்கவில்லை என்று சத்தமும் போட்டிருப்பார். இப்படி இருந்தால் அவர் பொய் சொல்லவில்லை. கண்ணில் கோளாறு இல்லாவிட்டாலும் இடப்பக்கத்தின் மேல் கவனம் போவதில்லை. இடப்பாதி மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டுமே கவனிக்கும். வலப்பாதிதான் இரண்டு பக்கத்தையும் கவனிப்பது. அது அடிபட்டால் இடப்பக்கத்துக்கு ஆள் இல்லை. வலக் கன்னத்தில் மட்டும் சவரம் செய்வதும், இடப்புறமிருந்து கூப்பிட்டால் திரும்பாததும் இதே காரணத்தால்தான்.

இலையின் இட ஓரத்தில் சிவப்புத் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். அவர் வலக்கையைப் பிடித்து அந்தத் துண்டைத் தொடவைத்து, அங்கிருந்து சாப்பிடத் தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேளையும் இதைச் செய்ய வேண்டும். இலையைத் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் சாப்பிட்டுவிடுவார்தான். ஆனால் மூளை எதையும் பழகாது. பசியோடு எழக்கூடாது என்பதற்காகக் கடைசியில் மட்டும் திருப்புங்கள். சாப்பிட்டதும் இடக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள், புரையேறும். பேச உட்காரும்போது அவருக்கு இடப்புறமாக உட்காருங்கள். ஆனால் சூடான காபியையும் கூப்பிடும் மணியையும் வலப்பக்கமே வையுங்கள். தெருவில் நடந்தால் நீங்கள் அவருக்கு இடப்புறம். அந்தப் பக்கத்திலிருந்து வரும் பஸ் அவருக்குத் தெரியாது. சிலர் கை விழுந்திருப்பதையே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த நிலைக்கு 1914-இல் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் பெயரே கொடுத்திருக்கிறார். வாதாடிப் பயனில்லை. தனியாக எழுந்து விழுவார், எனவே அருகில் ஆள் வேண்டும்.

வலக்கை விழுந்து பேச்சும் போனவர்களின் கதை வேறு. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை அமைக்கும் இடம் மூளையின் இடப்பாதியில் இருக்கிறது. 1861-இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர், "டான்" என்ற ஓர் ஒலியைத் தவிர வேறெதையும் சொல்ல முடியாதிருந்த நோயாளி இறந்த பின் அவருடைய மூளையை ஆராய்ந்தார். இட முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். இங்கே அடிபட்டவர்களுக்கு நாம் சொல்வது பெருமளவு புரியும், பதில் வராது. அவர்கள் எதிரில் அவர்களைப் பற்றிப் பேசுவதை இன்றே நிறுத்துங்கள். அது எனக்குப் பொறுக்காத விஷயம். "வேண்டுமா, வேண்டாமா" என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் என்று சொல்ல முடியாதவர், கோயிலில் பாடிப் பழகிய பதிகத்தை நான்கு வரி தொடர்ந்து பாடுவார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். கெட்ட வார்த்தையும் தெளிவாக வரும்; அதைக் கேட்டு மருமகள்கள் அழுதிருக்கிறார்கள். ராகமும் மனப்பாடமும் வசவும் பேச்சு அமைக்கும் இடத்தை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. ஆகவே வசவை மனத்தில் வைக்காதீர்கள், பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். "தண்ணி வேணும்" என்பதை ராகம் போட்டு, அவர் கையால் மடியில் தாளம் தட்டவைத்துச் சேர்ந்து சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியாளர்கள் 1970-களிலிருந்து கையாளும் முறை இது.

மூளையின் முன்பகுதியில் அடிபட்டால் வருவதைத்தான் சோம்பல் என்று அதிகம் ஏசுகிறார்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் மறுநாளே நாற்றங்காலுக்கு ஓடிய மனிதர், வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகும் திண்ணையை விட்டு எழமாட்டார். கேட்டால் "போகலாம்" என்பார், போகமாட்டார். வேலையைத் தொடங்கிவைக்கும் இடமே அடிபட்டிருக்கிறது. தள்ளிவிட்டால் ஓடும் வண்டி மாதிரி. "வயலுக்குப் போகிறீர்களா?" என்று கேட்காதீர்கள். துண்டைக் கையில் கொடுத்து, "எழுந்திருங்கள், வரப்பு வரைக்கும் போய் வருவோம்" என்று நீங்களே கிளம்புங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள். ஆனால் தூக்கம் கெட்டு, கண்ணீர் விட்டு, "நான் எதற்கு இருக்கிறேன்" என்றால் அது மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருவது அது. மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள்.

துக்க வீட்டில் சிரிப்பதும், தொலைக்காட்சி பார்த்துத் தேம்பித் தேம்பி அழுவதும் உள்ளே இருக்கும் உணர்ச்சியைக் காட்டுவதில்லை. அடக்கும் கட்டுப்பாடு தளர்ந்ததால் வருவது. சமாதானம் சொல்லச் சொல்ல நீளும். பேச்சை மாற்றுங்கள், நின்றுவிடும். சாயங்காலக் கோபம் பெரும்பாலும் களைப்பு. மிக்சி, தொலைக்காட்சி, பேரக்குழந்தைகள் மூன்றும் ஒன்றாகச் சேராமல் பார்த்துக்கொண்டு, மதியம் ஒரு மணி நேரம் படுக்கவையுங்கள்.

நடத்தை மாற்றம் திடீரென்று வந்தால், வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் 108-ஐ அழையுங்கள். ஸ்கேன் எடுத்து ரத்தக் கசிவு இல்லை என்று உறுதியான பிறகே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். அதற்கு அவகாசம் பொதுவாக நான்கரை மணி நேரம். முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் போவதற்கே அதில் கணிசமான நேரம் கரைந்துவிடும். புறா ரத்தம் தேய்க்கவும் மந்திரிக்கவும் அலைந்து மீதியையும் இழக்காதீர்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ ஊற்றவும் வேண்டாம்.

முதல் மூன்று மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும், பிறகும் மெல்ல நடக்கும். ஒரு நோட்டு போடுங்கள். அவர் செய்தது, மணி, அதற்குச் சற்று முன் வீட்டில் நடந்தது, இந்த மூன்றையும் எழுதுங்கள். "ரொம்பக் கோபப்படுகிறார்" என்று பொதுவாகச் சொன்னால் மருத்துவருக்கு வழி தெரியாது; "மாலை ஆறு மணிக்கு, நான்கு பேர் சேர்ந்து பேசும்போது மட்டும்" என்று நோட்டைக் காட்டினால் தெரியும்.