ஜலதோஷமா, அலர்ஜியா? மூக்குச்சளியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

மூக்கு ஒழுகத் தொடங்கிய தேதியை முதலில் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சளியின் நிறத்தைவிட அது எத்தனையாவது நாள் என்பதுதான் அதிகம் சொல்லும்.

தினமும் மதிய வாக்கில் வெள்ளை டிஷ்யூவில் சிந்திப் பாருங்கள். காலையில் எழுந்ததும் வரும் சளி கணக்கில் வேண்டாம். இரவெல்லாம் தேங்கி நீர் வற்றியிருப்பதால் அது கெட்டியாகவும் மஞ்சளாகவும் தெரியும்.

ஜலதோஷம் என்றால் முதல் ஓரிரு நாள் தண்ணீராக ஒழுகும், தொண்டை கரகரக்கும். மூன்றாம் நாள் வாக்கில் வெள்ளையாகக் கெட்டிப்படும், பிறகு மஞ்சள், பலருக்குப் பச்சை. பெரும்பாலும் 7 முதல் 10 நாளுக்குள் குறைந்துவிடும்.

பலரும் தடுமாறுவது இந்தப் பச்சையில்தான். நம் ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோபில்களுக்குள் மயலோபெராக்ஸிடேஸ் என்ற என்ஸைம் இருக்கிறது. இரும்புச்சத்து கொண்ட அந்த என்ஸைமே பச்சை நிறமுடையது. வைரஸ் சளியிலும் இந்த அணுக்கள் மூக்கில் குவியும். ஆகவே பச்சையைப் பார்த்ததும் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள்; வைரஸை அது ஒன்றும் செய்யாது. 10 நாளாகியும் குறையவில்லை, குறைந்து மறுபடி மோசமாகிறது, அல்லது 102 டிகிரி காய்ச்சலும் முகவலியும் கெட்டிச் சளியும் சேர்ந்து மூன்று நாளைத் தாண்டுகிறது என்றால் டாக்டரிடம் போங்கள்.

அலர்ஜியில் சளி வாரக்கணக்கில் தெளிந்த தண்ணீராகவே இருக்கும். அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, காய்ச்சல் கிடையாது. ஒட்டடை அடிக்கும்போதோ பழைய தலையணையில் படுக்கும்போதோ கிளம்பினால் பெரும்பாலும் அலர்ஜிதான்.

இரண்டுக்கும் உப்புநீரில் மூக்கைக் கழுவுவது நல்லது. மூக்குக் கழுவும் நேத்திக் கெண்டியைவிட மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 100 மி.லி. நார்மல் சலைன் பாட்டிலும் ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சும்தான் என் தேர்வு, அளவு பிசகாது. திறந்த பாட்டிலை மறுநாளுக்கு வைக்காதீர்கள். வீட்டில் கலப்பதானால் 240 மி.லி. நீருக்கு அயோடின் சேர்க்காத தூள் உப்பு அரை டீஸ்பூன், தலை தட்டி; சமையல் சோடா ஒரு சிட்டிகை. உப்பு குறைந்தாலும் கூடினாலும் எரியும்.

தண்ணீரை ஒரு நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பாக ஆறவைத்துக் கலக்குங்கள். குழாய் நீர் கூடவே கூடாது. கேரளத்தில் 2024, 2025இல் உயிர்களைப் பறித்த மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் அமீபா பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. ஆர்.ஓ. தண்ணீரையும் கொதிக்கவைக்க வேண்டும்.

வாஷ்பேசின் மேல் குனிந்து தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சு விட்டபடி மேலே இருக்கும் துளையில் சிரிஞ்சை வைத்து மெல்ல அழுத்துங்கள். மறு துளையில் வெளிவரும். வேகமாக அழுத்தினால் காது அடைக்கும். மூக்கு முழுக்க அடைத்திருந்தால் அப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: அடைப்பு நீக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போட்டால், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக அடைக்கலாம். குழந்தைக்கு ஒரே துளையில் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே பட்டாணியோ பாசிமணியோ சிக்கியிருக்கலாம். நீங்களே நோண்டாமல் அன்றே காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். பட்டன் பேட்டரி என்ற சந்தேகம் இருந்தால் நள்ளிரவானாலும் உடனே கிளம்புங்கள். சில மணி நேரத்தில் அது மூக்குச் சதையை அரித்துவிடும்.