ரசிகர் பணத்தில் இசை நிறுவனம்: சறுக்குகிற இடங்கள்

2006 ஆகஸ்டில் நெதர்லாந்தில் மூன்று பேர் சேர்ந்து செல்லாபேண்ட் என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். யோசனை சுலபமானது. ஒரு பங்கு 10 டாலர். ஓர் இசைக்குழுவின் பெயரில் 5,000 பங்குகள் விற்றால் 50,000 டாலர் சேரும். அந்தப் பணத்தில் நல்ல தயாரிப்பாளர், நல்ல ஸ்டுடியோ, ஓர் ஆல்பம். பங்கு வாங்கிய ரசிகருக்கு ஒரு சிடி கிடைக்கும். அதற்கு மேல் வரும் வருமானத்தைக் குழு, ரசிகர்கள், தளம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். நவம்பருக்குள் நெமிஸியா என்ற டச்சு மெட்டல் குழு இலக்கைத் தொட்டுவிட்டது.

2010 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவாலானது. ஜெர்மானிய முதலீட்டாளர்கள் வாங்கி உயிர் கொடுத்தார்கள். 2015இல் மறுபடியும் திவால்.

இதே பாதையில் போன நிறுவனங்கள் இன்னும் உண்டு. சில விழுந்தன, சில நிற்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ரசிகர் கொடுக்கும் பணம் என்ன வகைப் பணம் என்பதை முதலிலேயே தீர்மானிக்காதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது கல்யாண வீட்டு மொய்யா, தையல்காரரிடம் துணியோடு கட்டும் அட்வான்ஸா, லாபம் எதிர்பார்த்துப் போடும் முதலா?

லேபிளின் இடம் காலி என்று நினைப்பது

தொடங்கும்போதே செய்யும் தவறு இது. லேபிள் எனப்படும் பாட்டுக் கம்பெனிகள் நொடிந்துவிட்டன, ஆகவே அந்த இடத்தில் நாம் உட்காரலாம் என்ற கணக்கு. நொடிந்தது உண்மைதான். இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர வைத்த நாப்ஸ்டர் வந்த 1999இல் அமெரிக்க இசைப்பதிவுத் துறையின் வருமானம் 14.6 பில்லியன் டாலர். பதினைந்து ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே போனது. 2007இல் ஈஎம்ஐ என்ற பெரிய பிரிட்டிஷ் இசை நிறுவனத்தை டெர்ரா ஃபிர்மா என்ற முதலீட்டு நிறுவனம் 4.2 பில்லியன் பவுண்டு கணக்கில் வாங்கியது. 2011இல் கடன் கொடுத்த சிட்டி வங்கி அதை எடுத்துக்கொண்டது.

சரி, லேபிள் செய்த வேலை என்ன? பணம் போட்டது, பதிவு செய்தது, கடைக்கு அனுப்பியது, பிறகு ஊர் முழுக்கக் காதில் விழ வைத்தது. ரசிகர் நிதி ஈடுகட்டுவது முதல் வேலையை மட்டும். அதிலும் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்திலேயே பதிவுச் செலவு சரிந்துகொண்டிருந்தது. லேப்டாப்பும் ஒரு நல்ல மைக்கும் இருந்தால் படுக்கையறையில் ஆல்பம் முடிக்கலாம். பணத் தட்டுப்பாடு குறைய, கவனத் தட்டுப்பாடு கூடியது. ஆல்பம் வெளிவந்த மறுநாள் யார் கேட்பார்கள் என்ற கேள்விக்கு 50,000 டாலரில் பதில் கிடைக்கவில்லை. பழைய லேபிள்களில் நான்காவது வேலைக்கு என்று தனியாக ஆட்கள் இருந்தார்கள். ஸ்டார்ட்அப்புகளில் அந்த நாற்காலியில் பெரும்பாலும் யாரும் இல்லை.

பங்கு என்ற சொல்லைச் சும்மா சொல்வது

செல்லாபேண்டின் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு சிடி விற்றால் செலவு போக 6 டாலர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாகப் பிரித்தால் ரசிகர்கள் எல்லோருக்குமாக 2 டாலர். அதை 5,000 பங்குக்கும் பகிர வேண்டும். ஒவ்வொரு பங்குக்கும் போட்ட 10 டாலர் திரும்பி வர, ரசிகர் பக்கம் மொத்தம் 50,000 டாலர் சேர வேண்டும். அதாவது 25,000 சிடி விற்க வேண்டும். பெயர் தெரியாத ஒரு குழு, சிடி விற்பனை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் காலத்தில், 25,000 சிடி! இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மனம் வராததற்கு ஒரு காரணம் பிரான்ஸில் இருந்தது. அங்கே மைமேஜர்கம்பெனி என்ற தளம் 2007இல் தொடங்கியது. கிரெகுவார் என்ற புதுப் பாடகருக்கு 347 பேர் சேர்ந்து 70,000 யூரோ போட்டார்கள். 2008இல் வந்த அந்த ஆல்பம் பத்து லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது. போட்டவர்களுக்கு நல்ல லாபம். அப்புறம் என்ன, எல்லோரும் அடுத்த கிரெகுவாரைத் தேடினார்கள். லாட்டரியில் ஒருவருக்கு விழுந்த பரிசை வைத்துக் குடும்ப வரவு செலவு போட்ட கதை.

வருமானத்தில் பங்கு என்று வாக்குக் கொடுத்தால் இன்னொரு கதவும் திறக்கிறது: சட்டம். இங்கே யாராவது இதைச் செய்ய நினைத்தால் இதை முதலில் பாருங்கள். இந்திய நிறுவனச் சட்டப்படி ஒரு கம்பெனி, பொது வெளியீடு இல்லாமல் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு கொடுக்க முன்வர முடியாது. லாபம் தருவதாகச் சொல்லிப் பலரிடம் பணம் திரட்டும் திட்டங்களுக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகள் தனி. இணையத்தில் அனுமதியின்றிப் பங்குப் பணம் திரட்டும் தளங்களைப் பற்றி செபி 2016இல் வெளிப்படையாகவே எச்சரித்தது. ஆயிரம் ரசிகர்களிடம் தலைக்கு 500 ரூபாய் வாங்கி "நீங்களும் பங்குதாரர்" என்று பதிவு போடுவது கேட்க அழகாக இருக்கும். வக்கீலிடம் காட்டாமல் அந்தச் சொல்லை எழுதாதீர்கள்.

கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளம் 2009இல் வந்தபோது இந்தக் குழப்பத்தை ஒரே வெட்டில் வெட்டியது. லாபத்தில் பங்கு கிடையாது. பணம் கொடுத்தால் ஆல்பம், டி-ஷர்ட், நன்றிப் பட்டியலில் பெயர், இவ்வளவுதான். இலக்கைத் தொடாவிட்டால் யாருடைய கார்டிலிருந்தும் பணம் எடுக்கப்படாது. தையல்கடை அட்வான்ஸ். எல்லோருக்கும் புரிந்தது.

கலைஞரின் பணத்தில் கடை நடத்துவது

எனக்கு அதிகம் கோபம் வருகிற தவறு இது. மற்றவையெல்லாம் நிறுவனத்தைச் சாய்க்கும். இது கலைஞரையும் சேர்த்துச் சாய்க்கும்.

பிளெட்ஜ்மியூசிக் 2009இல் தொடங்கிய தளம். ரசிகர்கள் ஆல்பத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டுவார்கள், தளம் 15 சதவீதம் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைக் கலைஞருக்கு அனுப்பும். பல ஆண்டுகள் நல்ல பெயர். 2018இல் கலைஞர்களுக்குப் பணம் தாமதமாகத் தொடங்கியது. 2019 ஜனவரியில் விவகாரம் வெளியே வெடித்தது. அதே ஆண்டு ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. ரசிகர் பணம் கட்டிவிட்டார், கலைஞர் கைக்கு வரவில்லை. ஆனால் சிடி கேட்டு ரசிகர் போய் நிற்பது கலைஞர் வாசலில்தானே? பலர் சொந்தக் காசில் அச்சடித்து அனுப்பினார்கள்.

சீட்டு நடத்துபவர் அந்த மாதம் சேர்ந்த பணத்தைத் தன் கடைக்குச் சரக்கு வாங்கப் போட்டுவிட்டு, அடுத்த மாத வசூலில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. வசூல் ஏறிக்கொண்டே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் வசூல் தேங்கினால் போதும்.

இதைத் தவிர்க்க நல்ல எண்ணம் போதாது, கை எட்டாத ஏற்பாடு வேண்டும். ரசிகர் பணம் எஸ்க்ரோ கணக்குக்கு, அதாவது நிபந்தனை நிறைவேறும்வரை மூன்றாம் ஆள் பொறுப்பில் இருக்கும் கணக்குக்கு, போக வேண்டும். அல்லது கட்டணச் சேவை நிறுவனமே கமிஷனைப் பிரித்து மீதியை நேராகக் கலைஞரின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். சம்பளம் கொடுக்கும் கணக்கில் அந்தப் பணம் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. "நெருக்கடியில் பத்து நாளைக்கு மட்டும்" என்ற எண்ணம் வராத முதலாளி கிடையாது. வந்தாலும் முடியாதபடி செய்துவைப்பதுதான் பாதுகாப்பு.

கமிஷன் மட்டும் போதும் என்ற நம்பிக்கை

ஏன் அந்த நெருக்கடி வருகிறது? மாதம் 30 கலைஞர்கள், ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் திரட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 60 லட்சம். 10 சதவீதம் கமிஷன் என்றால் 6 லட்சம். கட்டணச் சேவைக்கு 2 சதவீதம், 1.2 லட்சம், நீங்கள் ஏற்றுக்கொண்டால் கையில் 4.8 லட்சம். ஆறு பேர் சம்பளம், சர்வர், பணம் திருப்பிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள், வரி. மிச்சம் ஒன்றும் இருக்காது.

அதைவிட மோசமான விஷயம், ஒரு கலைஞர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் ஆல்பம் போடுவார். ஆகவே அடுத்த மாதம் 30 புதியவர்கள், அதற்கடுத்த மாதம் இன்னும் 30. ஆண்டுக்கு 360 பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஊரில் அத்தனை பேர் இருக்கிறார்களா என்று எண்ணிவிட்டுத் தொடங்குங்கள்.

2013இல் பேட்ரியான் என்ற தளத்தைத் தொடங்கிய ஜாக் கான்டி தானே ஓர் இசைக்கலைஞர். ஆல்பத்துக்கு ஒரு முறை பணம் என்பதை மாதச் சந்தா மாதிரி ஆக்கினார். கலைஞருக்கும் தளத்துக்கும் மாதம் பிறந்தால் வருமானம். அந்தத் தளமும் ஒரு முறை வழுக்கியது. 2017 டிசம்பரில், கொடுப்பவர்கள் தலையில் ஒவ்வொரு பங்களிப்புக்கும் 2.9 சதவீதமும் 35 சென்ட்டும் கூடுதலாக வைப்பதாக அறிவித்தார்கள். 50 டாலர் கொடுப்பவருக்கு அது பெரிதில்லை. ஐந்து பேருக்கு ஆளுக்கு ஒரு டாலர் கொடுப்பவருக்கோ ஒவ்வொரு டாலரும் 1.38 டாலர் ஆகிவிடும். சிறு தொகைக்காரர்கள் கூட்டமாக விலக ஆரம்பித்ததும், ஒரு வாரத்துக்குள் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டார்கள். கட்டணத்தை மாற்றவே கூடாது என்றில்லை. மாற்றும்போது ஒரு டாலர்க்காரர் கண்ணால் ஒரு முறை பார்த்திருக்கலாம்.

தளம் ரசிகர்களைக் கொண்டுவரும் என்பது

வராது. வந்த கதை மிகக் குறைவு. பிரிட்டனின் மரில்லியன் குழுவைப் பாருங்கள். 1997இல் அமெரிக்கா போய் வாசித்தால் 60,000 டாலர் நஷ்டம் வரும் என்று கீபோர்டு வாசிப்பவர் மார்க் கெல்லி ரசிகர்களிடம் எழுதினார். ரசிகர்கள் தாங்களே சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு அதே குழு, ஒரு பாட்டுகூடப் பதிவாகும் முன்னே, 12,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஆல்பத்துக்கு முன்பணம் வாங்கி 2001இல் அதை வெளியிட்டது. நடுவில் ஸ்டார்ட்அப் எதுவும் இல்லை. இருந்தது ஒரு மின்னஞ்சல் பட்டியல், அதன் பின்னால் பல ஆண்டு உறவு.

அமெரிக்கப் பாடகி அமெண்டா பால்மர் 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு லட்சம் டாலர் கேட்டார். 24,883 பேர் கிட்டத்தட்ட 12 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அவரும் பழைய குழுவில் இருந்த நாளிலிருந்தே ரசிகர்களை ஒவ்வொருவராகச் சேர்த்தவர்.

அப்படியானால் பெரிய பெயரைக் கொண்டுவந்தால் போதுமா? 2009இல் செல்லாபேண்டுக்குப் பப்ளிக் எனிமி வந்தது, ஹிப்-ஹாப்பின் பெரிய பெயர்களில் ஒன்று. இலக்கு 2,50,000 டாலர். பணம் பாதி வழிகூட வரவில்லை. கடைசியில் இலக்கை 75,000 ஆகக் குறைத்து 2010இல் முடித்தார்கள். ரசிகர் எண்ணிக்கை வேறு, பர்ஸைத் திறக்கும் ரசிகர் எண்ணிக்கை வேறு. கலைஞரைச் சேர்க்கும் முன் ஒன்று கேளுங்கள்: நீங்கள் எழுதினால் பதில் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? இலக்கை அதிலிருந்து போடுங்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே 50,000 என்று வைத்தது செல்லாபேண்டின் இன்னொரு பிழை.

சில்லறை என்று நினைப்பவை

தபால் செலவு. வெளிநாட்டு ரசிகருக்கு எல்பி இசைத்தட்டு அனுப்பும் செலவு சில சமயம் எல்பி விலையையே தொடும். டி-ஷர்ட்டுக்கு ஐந்து அளவு என்றால் ஐந்து விதச் சரக்கு, எப்போதும் எக்ஸ்எல் தீர்ந்துவிடும். எல்பி அச்சடிக்கும் ஆலைகளில் மாதக்கணக்கில் வரிசை நின்ற காலமும் உண்டு. நான் பணம் கட்டிய ஓர் ஆல்பம் ஒன்றரை ஆண்டு கழித்து வந்தது, அதற்குள் அந்தப் பாட்டெல்லாம் இணையத்தில் கேட்டு அலுத்துவிட்டது. தாமதம்கூடப் பரவாயில்லை, நடுவில் யாரும் ஒரு வரி எழுதவில்லை என்பதுதான் எரிச்சல்.

மாஸ்டர் உரிமை, அதாவது பதிவான பாட்டின் மூலப் பதிவுக்கான உரிமை, யாரிடம் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ரசிகர் பணத்தில் பதிவான பாட்டைத் தளம் வைத்துக்கொண்டால் நீங்கள் பழைய லேபிள்தான்.

கடைசியாக, கடை மூடும் நாள். செல்லாபேண்ட் திவாலான அன்று பணம் போட்டவர்களின் முதல் கேள்வி, பாதியில் நிற்கும் குழுக்களுக்குப் போட்ட காசு என்னவாகும் என்பது. உங்கள் விதிமுறைப் பக்கத்தில் இதற்கு விடை இருக்கிறதா? இலக்கு எட்டாத பணம் எத்தனை நாளில், எந்த வழியில் திரும்பும்? கலைஞர் தன் ரசிகர்களின் பெயர், முகவரி, யாருக்கு எது அனுப்ப வேண்டும் என்ற பட்டியலைத் தானே எடுத்துக்கொள்ள முடியுமா? அந்தப் பட்டியலைப் பதிவிறக்க ஒரு பொத்தான் வைக்க ஒரு புரோகிராமருக்கு அரைநாள் வேலை. தளம் திறக்கும் முன்பே வைத்துவிடுங்கள். பணம் தீர்ந்துபோன வாரத்தில் அதை எழுத உங்களிடம் புரோகிராமர் இருக்கமாட்டார்.