இஞ்சி பியர்: போத்தலை அழுத்திப் பாருங்கள்

கொழும்பு வெக்கையில் வீட்டிலேயே இஞ்சி பியர் செய்ய நினைப்பவர்கள் முதல் தடவை இரண்டு லீற்றருக்கு மேல் போக வேண்டாம். துருவிய இஞ்சி 100 கிராம், சீனி 200 கிராம் இரண்டையும் ஒரு லீற்றர் நீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்து, கொதித்தாறிய நீர் இன்னொரு லீற்றர் சேருங்கள். கறுவாப் பட்டை ஒரு துண்டு போடலாம். கராம்பு எனக்குப் பிடிக்காது. நன்றாக ஆறிய பிறகுதான் தேசிக்காய்ச் சாறும், பாணுக்குப் போடும் ஈஸ்ட் ஒரு சிட்டிகையும். சுடச்சுடப் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும்.

கண்ணாடிப் போத்தலில் மட்டும் அடைக்காதீர்கள். வெள்ளவத்தை வீட்டில் எங்கள் முதல் போத்தல் நள்ளிரவில் வெடித்தது. மறுநாள் முழுவதும் தரையெல்லாம் பிசுபிசுப்பு, எறும்பு வேறு. சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலைக் கழுவி, கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு நிரப்புங்கள். காலையும் மாலையும் அழுத்திப் பாருங்கள். குளிர்நாட்டுச் செய்முறைகளில் இருக்கும் நாள் கணக்கு இங்கே செல்லாது. நம் வெயிலுக்குப் பெரும்பாலும் ஒரே நாளில் ஈஸ்ட் விடும் வாயு நிறைந்து போத்தல் கல்லாக இறுகிவிடும். உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அங்கும் நொதித்தல் மெதுவாக நடக்கும் என்பதால் ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். சிறிதளவு மதுசாரம் இருக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.