விசிறி இல்லாத கிராபிக்ஸ் கார்டு: சென்னை வீட்டுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருவல்லிக்கேணியில் எங்கள் வீடு இருக்கும் தெருவில் இரவு 11 மணிக்கு மேல்தான் ஒலிப்பதிவுக்கு ஏற்ற அமைதி கிடைக்கும். என் மனைவி பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறார். சன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு வாசிக்க உட்கார்ந்தால், கணினிக்குள்ளிருந்து கொசு காதோரம் பறப்பதைப் போன்ற ஒரு மெல்லிய ரீங்காரம் ஒவ்வொரு பதிவிலும் விழுந்துகொண்டிருந்தது. தேடிப் பார்த்ததில், அது திரைக்குப் படத்தை அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் மேலிருந்த கட்டைவிரல் நீள விசிறியிலிருந்து வந்தது. பெரிய விசிறியின் ஒலி காற்றின் ஒலியைப் போல அடங்கிவிடும். சின்ன விசிறி வேகமாகச் சுற்றியாக வேண்டும் என்பதால் அதன் ஒலி கூர்மையாக, தனித்துக் கேட்கும். விசிறியே இல்லாத கார்டைத் தேட ஆரம்பித்தது அப்போதுதான்.

கடைக்குப் போகும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: உங்களுக்குத் தனிக் கார்டு தேவைதானா? எழுத்து வேலை, ஒலிப்பதிவு, படம் பார்ப்பது ஆகியவற்றுக்குக் கணினியின் மூளையான பிராசஸரிலேயே உள்ள கிராபிக்ஸ் போதும். இன்டெல் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. சற்று விலை குறைவு என்பதால் பலர் அதை வாங்கிவிட்டுப் பிறகு கார்டு தேடுகிறார்கள். புதிதாகக் கணினி கட்டுபவர்கள் கிராபிக்ஸ் உள்ள பிராசஸரை வாங்கினால், கார்டும் வேண்டாம், அதன் சூடும் வேண்டாம்.

கார்டு வேண்டும் என்று முடிவானால், முதலில் பார்க்க வேண்டிய எண் வாட். கார்டு உண்ணும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. விசிறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வெப்பத்தின் அளவு மாறாது. அதைக் கொண்டுபோகும் வழிதான் மாறுகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மூடிய பெட்டிக்குள் எரியவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 30 வாட் கார்டு அதில் பாதி, 70 வாட் கார்டு அந்தப் பல்புக்கும் சற்று மேல்.

இதில் சென்னைக்காரர்கள் தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும். கார்டின் சூடு அறையின் சூட்டின் மேல் ஏறி நிற்பது. 22 டிகிரி அறையில் 66 டிகிரியைத் தொடும் கார்டு, மின்வெட்டில் ஏசி நின்றுபோன மே மாதப் பிற்பகலில், 36 டிகிரி அறையில், ஏறக்குறைய 80 டிகிரிக்குப் போகும். இணையத்தில் கிடைக்கும் பல சோதனை முடிவுகள் குளிர்ந்த அறைகளில் எடுக்கப்பட்டவை. ஆகவே எந்த மதிப்பீட்டைப் படித்தாலும் அறையின் வெப்பநிலை என்னவென்று தேடிப் பார்த்து, வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லை மீறினால் கார்டு உடனே எரிந்துவிடாது. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடுவது எந்தப் பாகத்துக்கும் நல்லதல்ல.

விசிறியற்ற கார்டுகளில் பரவலாகத் தெரிந்தது என்விடியா ஜிடி 1030. 2017-இல் வந்த இதன் ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்ட வகை 30 வாட் எடுக்கும். 4கே திரையை 60 ஹெர்ட்ஸில் ஓட்டும். இதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்துடன் இன்னொரு வகையும் விற்கப்படுகிறது. அதன் நினைவக வேகம் முதல் வகையினுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பெயர் ஒன்றாக இருப்பதால் கடைக்காரரே குழம்பக்கூடும். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நீங்களே வாசித்துப் பாருங்கள். இந்தத் தலைமுறைக்கு விளையாட்டுகளுக்கான புதிய டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 அக்டோபருடன் நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. ஏவி1 வடிவக் காணொளியைத் தானே விரித்துக் காட்டும் திறனும், காணொளியைச் சுருக்கும் என்கோடரும் இதில் இல்லை. ஜிடி 710 இதைவிடப் பழையது. இன்று புதிதாக வாங்கத் தக்கதல்ல.

அதற்கு மேல் வேண்டுமென்றால், பாலிட் நிறுவனத்தின் கால்ம்எக்ஸ் வரிசையில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி வகை, இருக்கிறது. 70 வாட் என்பதால், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் தேவையில்லை. கார்டைச் செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஏவி1 காணொளியும் ஓடும். ஆனால் நம் ஊர் வெப்பத்தில் இந்தக் கார்டைக் காற்றோட்டமில்லாத கேபினெட்டில் (கணினிப் பெட்டியில்) வைக்க நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

கார்டைக் கையில் வாங்கியதும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளைப் பாருங்கள். விசிறியில்லாமல் காற்று தானாக நுழைந்து வெளியேற, தகடுகளுக்கிடையே தாராளமான இடைவெளி வேண்டும். நெருக்கமாக அடுக்கிய தகடுகள் விசிறிக்காகச் செய்தவை. நம் ஊர்த் தூசி ஆறே மாதத்தில் அவற்றை அடைத்துவிடும். தகடுகள் ஓடும் திசையும் முக்கியம். நிமிர்ந்த கேபினெட்டில் கார்டு படுத்த நிலையில், சிப் கீழ்நோக்கி இருக்கும். மேலெழ வேண்டிய சூடான காற்று கார்டின் பலகையிலேயே முட்டி நிற்கும். அதனால் கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் செல்லும் காற்றோடு ஒத்துப் போகும் தகடுகளே நல்லது. ஹீட் சிங்க் இரண்டு ஸ்லாட் இடம் பிடிக்கிறதா, அதற்குக் கீழே இன்னும் ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருக்குமா என்பதை கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டின் மேல் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டே கடைக்குக் கிளம்புங்கள்.

கார்டில் விசிறி இல்லை என்பதற்காகக் கேபினெட்டிலும் விசிறியே கூடாது என்பதில்லை. முன்பக்கத்தில் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியை நிமிடத்துக்கு 500 முதல் 600 சுற்று வேகத்தில் ஓடவிட்டால், ஒரு கை தூரத்தில்கூட ஒலி கேட்பது அரிது. கார்டின் சூடோ கண்கூடாக இறங்கும். காற்று எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க நான் பூஜை அறையிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துவந்து, முன்பக்க வலைக்கு வெளியே பிடித்தேன். புகை உள்ளே போனது. ஆனால் கார்டைத் தொடாமல் மேலேறி வெளியேறிவிட்டது. விசிறியை ஓர் அடுக்கு கீழே மாற்றிப் பொருத்திய பிறகு புகை கார்டின் தகடுகளுக்கு இடையே புகுந்து பின்பக்கம் வந்தது. சாம்பல் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய கார்டு தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டெஸ்லா பி4, பி40 போன்ற, நிறுவனங்களின் சர்வர் கணினிகளுக்கான கார்டுகளிலும் விசிறி இருக்காது. பார்த்தால் நாம் தேடும் பொருளைப் போலவே தோன்றும். அவை சர்வர் பெட்டியின் பெருவிசிறிகள் தள்ளும் பலத்த காற்றை நம்பிச் செய்யப்பட்டவை. அவற்றில் பி40 கார்டு 250 வாட் எடுக்கும். திரையை இணைக்கும் துளையும் இரண்டிலும் கிடையாது.

விளையாட்டும் வேண்டும், அமைதியும் வேண்டும் என்பவர்கள், சூடு ஏறும் வரை விசிறி நின்றிருக்கும் கார்டைப் பாருங்கள். வாசிப்பிலும் பதிவிலும் அது சுற்றாது. விளையாடும்போது மட்டும் சுற்றும். கோடையில் ஏசி இல்லாத அறைக்கு இதுவே பாதுகாப்பான வழி என்பது என் கருத்து.

வாங்கியபின், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், பிற்பகல் 2 மணிக்கு ஏசியை அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையில் மிகக் கனமானதை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஜிபியூ-இசட் போன்ற மென்பொருளில் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். 80-க்குள் நின்றால் கவலையில்லை. இரவில் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ஒருமுறை காது கொடுத்தும் கேளுங்கள்: விசிறி இல்லாத கார்டிலும் அதன் மின்சுருள்கள் வேலைப்பளுவில் கிறீச்சிடுவது உண்டு. அப்படிக் கேட்டால் அந்தக் கார்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். அதே மாதிரியில் வேறொன்று சத்தமில்லாமல் இருக்கலாம். எங்களுக்கு இரண்டாவதாக வந்த கார்டில்தான் அந்தக் கிறீச்சொலி இல்லை. அன்றிரவே பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் பதிவானது.