தாயகத்தில் காய்ச்சல் வந்தால் எந்த வைத்தியசாலைக்குப் போவது?

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் போகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களையே தேர்ந்தெடுக்கிறோம். மழை தேங்கிய இடங்களில் நுளம்பு பெருகி, குடாநாட்டில் டெங்கு உச்சத்துக்கு வருவதும் அந்த மாதங்களில்தான். சென்ற பயணத்தில் என் பதின்மூன்று வயது மகளுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. எந்த வருத்தத்துக்கு எந்த வைத்தியசாலை பொருத்தம் என்று பார்க்க வேண்டிய வேளையில், எந்த வைத்தியசாலைக்குப் போனால் எங்களுக்கு மரியாதை என்று பார்த்தோம். அந்தப் பிழையை இன்னொரு குடும்பம் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அங்குள்ள ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். சிற்றூர்களில் பிரதேச வைத்தியசாலைகள், அவற்றுக்கு மேலே பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி போன்ற இடங்களில் ஆதார வைத்தியசாலைகள், நகரில் யாழ். போதனா வைத்தியசாலை என்று படிப்படியாக அவை அமைந்திருக்கின்றன; வன்னிப் பக்கம் போகிறவர்களுக்குக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உண்டு. தனியார் வைத்தியசாலையில் மாலையில் நாம் சனல் செய்து, அதாவது பணம் கட்டி முன்பதிவு செய்து, பார்க்கிற வைத்திய நிபுணர், பெரும்பாலும், அன்று காலை அரச வைத்தியசாலை வாட்டில் நோயாளரைப் பார்த்துவிட்டு வந்தவர்தான். கொடுக்கிற பணத்துக்கு வரிசையில் நிற்காத நேரமும் தனி அறையும் கிடைக்கின்றன. நாட்பட்ட மூட்டுவலி, தோல் வருத்தம், ஸ்கான் போன்றவற்றுக்கு, கையில் இரண்டு கிழமை மட்டுமே உள்ளவருக்கு, அது நல்ல வழி. நள்ளிரவில் நிலைமை மோசமானால் பக்கத்தில் யார் நிற்பார், தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே இருக்கிறதா, இரத்தம் எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டிய வருத்தங்களுக்கு அது போதாது.

டெங்கு அப்படிப்பட்ட வருத்தம். மகளுக்குக் காய்ச்சல் தொடங்கிய அன்றே நான் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத்தான் நினைத்தேன். அம்மாவின் தம்பி விடவில்லை. "வெளிநாட்டிலையிருந்து வந்த பிள்ளையைக் கவுண்மேந்து ஆஸ்பத்திரி வாங்கிலை இருத்துறதோ தம்பி? சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டார். மாமாவின் சொல்லை என்னால் மறுக்க முடியவில்லை. அம்மா கண்ணை மூடும்வரை பதினொரு வருடம் அவரை மாதந்தோறும் கிளினிக்குக் கூட்டிப்போனவர் அவர். நான் கனடாவிலிருந்து காசு அனுப்பினேன். அந்தக் கடன் என் வாயைக் கட்டிவிட்டது. உங்களில் பலருக்கும் இப்படி ஒரு மாமாவோ பெரியம்மாவோ இருப்பார்கள். அவர்களுடைய அன்பை மதியுங்கள். ஆனால் வைத்தியசாலையைத் தெரிவு செய்யும் பொறுப்பை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள்.

தனியார் வைத்தியசாலை ஒன்றில் குளிரூட்டிய அறை கிடைத்தது. சேலைன் ஏற்றினார்கள், எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு சிறுநீராக வெளியே வருகிறது என்று எவரும் அளக்கவில்லை. காய்ச்சல் இறங்காதபோது டைக்குளோஃபெனாக் என்ற வலிநிவாரணியை வைத்தார்கள். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை அதுவும் ஐபுபுரோஃபனும் அஸ்பிரினும் தொடக்கூடாதவை. இரத்தப்போக்கை அவை தூண்டும். பரசிற்றமோல் மட்டும், நிறைக்கு ஏற்ற அளவில், கொடுக்கலாம். இது எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. வீட்டிலிருந்து பப்பாசி இலைச் சாறும் போத்தலில் வந்தது. சொந்தக்காரரின் மனம் நோகக்கூடாதென்று அதையும் பருக்கினோம். இரத்தம் ஒரே ஒரு தடவைதான் சோதிக்கப்பட்டது. நான்காம் நாள் காலை காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டதென்று, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். விபரம் எதுவும் இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் எழுதிய ஒற்றைத் தாளுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, நிம்மதியோடு வீட்டுக்கு வந்தோம்.

டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றாம் நாளுக்குப் பிறகு, உடல் சூடு தணியும்போது, சிலருக்குக் குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து வெளியே கசியத் தொடங்கும். இருபத்துநான்கு முதல் நாற்பத்தெட்டு மணித்தியாலம் அது நீடிக்கும். அந்த இடைவெளியில் நீராகாரம் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அன்று பின்னேரம் மகள் வயிறு நோகிறதென்றாள். கையைப் பிடித்தேன், குளிர்ந்திருந்தது. மத்தியானத்திலிருந்து அவள் சிறுநீர் கழிக்கவில்லை என்று மனைவி சொன்னபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தோம். அது 'சுவசெரிய' என்ற இலவச அம்புலன்ஸ் சேவை. 2016 இல் தெற்கில் தொடங்கி, 2018 இல் வடக்குக்கும் வந்தது. எந்தக் கைப்பேசியிலிருந்தும் அழைக்கலாம். இந்த ஒரு இலக்கத்தையாவது ஊரில் இறங்கிய அன்றே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

போதனா வைத்தியசாலையில் ஒரு தாதி, இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக மகளின் விரல் நகத்தை அழுத்திவிட்டு, வெளிறிய நகத்தில் சிவப்புத் திரும்பும்வரை தன் வாய்க்குள் எண்ணினார். பிறகு இரண்டு நாளும் அதே எண்ணிக்கைதான். மணிக்கு மணி நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், குடித்த அளவு, அளவுக் குவளையில் பிடித்த சிறுநீரின் அளவு எல்லாம் கட்டில் காலடியில் தொங்கிய தாளில் ஏறின. வாட்டில் கூட்டம் நெரிந்தது, கழிவறை நன்றாக இல்லை, மனைவி நிலத்தில் பாய் விரித்துப் படுத்தார். ஆனால் அந்தத் தாளில் ஒரு மணித்தியாலம்கூட வெறுமையாக இருக்கவில்லை. 1987 அக்டோபரில் இதே வைத்தியசாலைக்குள் வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் இதை மூடாமல் காத்தவர்கள் ஊரில் இருந்தார்கள். வெளியேறிய நான் திரும்பி வந்து, இலவசம் என்பதற்காக அதைக் குறைவாக எண்ணிவிட்டேன் என்பது இன்னும் மனதை அறுக்கிறது.

ஆகவே காய்ச்சல் என்றால் மூன்றாம் நாளில் முழுமையான குருதிப் பரிசோதனை செய்யுங்கள்; பிறகு வைத்தியர் சொல்கிறபடி திரும்பத் திரும்பச் செய்யுங்கள். குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கினாலும், விடாத வாந்தி, வயிற்றுவலி, சோர்வு, இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நேரே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். வயலிலோ வெள்ளத்திலோ கால் வைத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்; 2024 டிசம்பரில் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. பாம்புக்கடிக்கும் அரச வைத்தியசாலைதான். நாய் கடித்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அங்கேயே போங்கள். முறிவு நெரிவுக்கு எங்கள் பரம்பரை வைத்தியர்களிடம் போவதை நான் தடுக்கமாட்டேன், எண்ணெய்க் கட்டின் மணம் எனக்கும் சிறுவயதை நினைவூட்டுகிறது. எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்த்தபின் போங்கள்.

பயணக் காப்புறுதி எடுத்தவர்கள் அனுமதிக்கப்பட்ட உடனேயே நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அறிவியுங்கள். வைத்தியரின் முத்திரையுள்ள நோய் நிர்ணய அட்டையையும், ஒவ்வொரு செலவையும் பிரித்து எழுதிய பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்காமல் வெளியேறாதீர்கள். நான் வாங்காத காரணத்தால் எனக்கு ஒரு சதமும் திரும்பி வரவில்லை.

பெற்றோர் ஊரில் இருப்பவர்கள், விடுமுறையில் ஒரு காலையையாவது அவர்களுடைய கிளினிக் நாளுக்கு ஒதுக்குங்கள். விடியவே போய் இலக்கம் எடுத்து, கூடவே வாங்கில் இருந்து, என்ன மருந்து, எந்த அளவில் குடிக்கிறார்கள் என்று கொப்பியைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியை மாமா இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் அடுத்த திகதி அவருடைய கையெழுத்தில் இருக்கிறது. பதினொரு வருடத்தில் ஒரு மாதமும் தவறவில்லை.