கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா? பிள்ளைகளின் பார்வையில் நாம் செய்யும் தவறுகள்

பிள்ளைக்குக் கிட்டப்பார்வை என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "இப்பவே கண்ணாடி போட்டுப் பழக்காதீங்க, பவர் ஏறிடும்." பெண் பிள்ளை என்றால் கல்யாணக் கவலையும் சேர்ந்துகொள்ளும். நம் பிள்ளைகளின் கண்ணுக்கு இந்தப் பேச்சு செய்கிற கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல.

பவர் ஏறுவது கண்ணாடியால் அல்ல, விழிக்கோளம் நீள்வதால். வளர்ந்தவர்களுக்கு அது முன்னிருந்து பின்வரை சுமார் 24 மில்லிமீட்டர் இருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறத்தாழ இரண்டரை மைனஸ் பவர், அதாவது கிட்டப்பார்வைக்கான பவர், வந்துவிடும். தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையைத் தொடும் முன்பே குவிந்துவிடுவதால், கையிலுள்ள புத்தகம் தெளிவாகவும் கரும்பலகை மங்கலாகவும் தெரிகிறது. கண்ணாடி அந்தப் பிம்பத்தை விழித்திரையில் விழ வைக்கிறது, அவ்வளவுதான். வளரும் வயதில் கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் பவர் ஏறலாம். போடாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும், கண்ணை இடுக்கும், கடைசியில் "படிப்பில் கவனமில்லை" என்று பெயரும் வாங்கும்.

"கொஞ்சம் குறைச்சு எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்பதும் தவறுதான். மலேசியாவில் பிள்ளைகளிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பவரைக் குறைத்துக் கொடுத்தவர்களுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாக ஏறியிருந்தது.

நான் அதிகம் பயப்படுவது சோம்பேறிக் கண்ணைப் பற்றித்தான். ஒரு கண் நன்றாகவும் இன்னொன்று பவர் அதிகமாகவும் இருந்தால், பிள்ளை ஒருபோதும் குறை சொல்லாது. நல்ல கண்ணே எல்லா வேலையையும் பார்த்துவிடும். மங்கலான கண்ணிலிருந்து தெளிவான படம் வராததால் மூளை அதை ஒதுக்கிப் பழகிவிடுகிறது. ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடியும், நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மூடிவைக்கும் பேட்ச்சும் பெரும்பாலும் பலன் தரும். வயது ஏற ஏறப் பார்வையை மீட்பது கடினம். அதனால் பள்ளியில் சேர்க்கும் முன்பே ஒருமுறை கண் பரிசோதனை செய்துவிடுங்கள். வீட்டிலும் ஒரு கண்ணை மூடி, மற்றதால் சுவர் காலண்டரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் கண்ணை மாற்றிப் பாருங்கள்.

பரிசோதனைக்குப் போன இடத்தில் "சொட்டு மருந்து வேண்டாம், நாளைக்கு ஸ்கூல் இருக்கு" என்று கம்ப்யூட்டர் டெஸ்டோடு திரும்புகிறவர்கள் உண்டு. பிள்ளைகளின் கண் தன்னையறியாமல் கிட்டத்துக்குக் குவிந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் அளந்தால் இல்லாத மைனஸ் பவர் தெரியும், இருக்கிற பிளஸ் பவர், அதாவது தூரப்பார்வைக்கான பவர், ஒளிந்துகொள்ளும். அப்படிக் குவிய வைக்கும் தசையைச் சொட்டு மருந்து தளர்த்துவதால்தான் உண்மையான அளவு கிடைக்கிறது. பார்வை கொஞ்ச நேரம் மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். அதனால் லீவு நாளில் போனால் சரி.

சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்யும் பவர்) இருந்தால் ஃபிரேமையும் கவனியுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் ஆக்சிஸ் என்று ஓர் எண் இருக்கும். லென்ஸ் அந்தக் கோணத்தில் நின்றால்தான் பார்வை சரியாக இருக்கும். மேலே படுத்து வளைந்துபோன கண்ணாடியை அப்படியே மாட்டினால் தலைவலி வரலாம். கடையில் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் நிமிர்த்துவிடுவார்கள்.

கேரட்டும் பொன்னாங்கண்ணியும் நல்ல உணவுதான், ஆனால் நீண்ட விழி அவற்றால் சுருங்காது. கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட உதவுவது வெளி வெளிச்சம். தினமும் இரண்டு மணி நேரமாவது பிள்ளையை வெளியே விளையாட விடுங்கள். பவர் வேகமாக ஏறினால், மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்பதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்துக்கு ரெடிமேட் கண்ணாடி வாங்கினால், இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் இருக்கும். பரிசோதனையே இல்லாததால் கண் அழுத்த நோய் இருந்தாலும் தெரியாமல் போகும். சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறும் என்பதால், சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் கழித்துக் கண்ணாடி போடுவது நல்லது.

லேசிக் செய்துகொண்டால் எல்லாம் தீர்ந்தது என்பதும் தவறு. அது கருவிழியின் வளைவை மட்டுமே மாற்றுகிறது. உள்ளே இழுபட்ட விழித்திரை அப்படியேதான் இருக்கும். மைனஸ் 6க்கு மேல் இருந்தவர்கள் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென மின்னல் போல வெளிச்சம், மழையாகக் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுவது போன்ற நிழல் என்று எது தெரிந்தாலும் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.