பவர் பிளக் மாட்டும் முன்: சாக்கெட், வயர், எம்சிபி மூன்றும் பொருந்துகிறதா?

புதிதாக வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்பின் தடித்த பிளக் பின், சமையலறை சாக்கெட்டில் நுழையவில்லை என்றால், "6 ஆம்பியரைக் கழற்றிட்டு 16 மாட்டிடலாம்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். சாக்கெட்டை மாற்றினாலும் சுவருக்குள் ஓடுவது அதே பழைய மெல்லிய வயர்தான்.

முதலில் கணக்கு. சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் வாட்டை 230ஆல் வகுங்கள். 2000 வாட் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3தான். 6 ஆம்பியர் சாக்கெட்டின் எல்லை 1380 வாட். 1500 வாட் கெட்டிலே அதைத் தாண்டிவிடும்.

அடுத்து, அந்த சாக்கெட் எந்த எம்சிபியில் (லோடு கூடினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச்) வருகிறது என்று பாருங்கள். அதில் ஒரு டேபிள் ஃபேனைப் போட்டுவிட்டு, எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள். டேபிள் ஃபேனோடு டியூப்லைட்டும் அணைந்தால் அது லைட் லைன். அதில் பவர் சாக்கெட் வேண்டவே வேண்டாம். எம்சிபி முகப்பில் 'சி 16' என்று இருந்தால் அது 16 ஆம்பியர்.

மூன்றாவது, வயர். மெயினை அணைத்து, உரிமம் பெற்ற வயர்மேனை வைத்து போர்டைத் திறந்து பாருங்கள். வயரின் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும். வீடுகளில் வழக்கமாக லைட்டுக்கு 1.5, 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர் இழுப்பார்கள்.

இனி பொருத்தம். எம்சிபியின் எண், சாக்கெட்டின் எண்ணையும் வயர் தாங்கும் அளவையும் தாண்டக் கூடாது. 16 ஆம்பியர் எம்சிபிகூட 18 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரம் ஆகியும் விழாமல் இருக்கலாம். அந்த இடத்தில் 32 போட்டால், எம்சிபி விழும் முன்பே சாக்கெட் கருகலாம். அடிக்கடி டிரிப் ஆகிறதென்று பெரிய எம்சிபி மாட்டித் தரச் சொல்வதுதான் நான் பார்த்ததில் மிக ஆபத்தான வழக்கம். லோடைக் குறையுங்கள், இல்லையென்றால் தனி லைன் இழுங்கள்.

ஒரு பவர் லைனில் 16 ஆம்பியர் சாக்கெட் இரண்டுக்கு மேல் வரக் கூடாது, லோடு 3000 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதே வீடுகளுக்கான வழக்கமான கணக்கு. 2000 வாட் அடுப்பும் 1500 வாட் கெட்டிலும் ஒரே நேரத்தில் ஓடினால் 3500 ஆகிவிடும். ஆக, சமையலறைக்கு இரண்டு பவர் லைன் கேளுங்கள். பெரிய பின்னைச் சின்ன சாக்கெட்டில் செருக உதவும் கன்வெர்ட்டர் வேண்டாம். எர்த் வயர் இல்லாமல் எந்த சாக்கெட்டையும் மூடவிடாதீர்கள்.

மாட்டி முடித்ததும் அடுப்பை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ, பின் நுழையும் துளையைச் சுற்றிப் பழுப்பேறினாலோ உள்ளே ஸ்குரூ தளர்ந்திருக்கலாம், இல்லையேல் சாக்கெட்டே தரமற்றதாக இருக்கலாம். வயர்மேன் பார்த்துச் சரிசெய்யும் வரை அதில் எதையும் செருகாதீர்கள்.